எஃகு உறைத் தோட்டாவும் படைத்துறை உபரிக் கைத்துப்பாக்கிகளும்

எஃகு உறைத் தோட்டா என்பது வெடிமருந்தைத் தாங்கும் உறை பித்தளைக்குப் பதிலாக மென் எஃகால் செய்யப்பட்ட தோட்டா ஆகும். பனிப்போர் முடிந்த பின் கிழக்கு ஐரோப்பியப் படைகள் கழித்துவிட்ட டோக்கரேவ், மக்காரொவ் கைத்துப்பாக்கிகள் ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. கூடவே மலிவான எஃகு உறைத் தோட்டாக்களும் வந்தன. இவை துப்பாக்கியைக் கெடுத்துவிடும் என்ற பேச்சு அங்கே நெடுநாளாக உண்டு. பழைய உபரித் தோட்டாக்களால் பல துப்பாக்கிகள் கெட்டது உண்மைதான். ஆனால் குற்றம் பெரும்பாலும் எஃகின் மேல் இல்லை.

உறையின் வேலை

தோட்டா உறைக்கான பித்தளையில் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் இருக்கும். சுடும் கணத்தில் உறை விரிந்து தோட்டா அறையின் சுவரோடு ஒட்டி, வளிமம் பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் குறைந்ததும் சற்றே சுருங்கி எளிதில் வெளியே வருகிறது. எஃகு இந்த அளவுக்கு இசைந்து கொடுப்பதில்லை. ஆகவே உறைக்கும் அறைக்கும் இடையே புகைக்கரி புகுந்து படிகிறது. எஃகு உறைகளைப் பல முறை சுட்டுவிட்டு, அறையைத் துடைக்காமல் பித்தளைத் தோட்டாவைப் போட்டால் அது நன்றாக விரிந்து கரியில் சிக்கிக்கொள்ளும். உறையின் அரக்குப் பூச்சு உருகி ஒட்டிவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்தக் கரியைத்தான்.

இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாட்டால் செருமனி 9 மிமீ தோட்டாக்களுக்கு எஃகு உறையைப் பயன்படுத்தியது. சோவியத் ஒன்றியமும் பின்னர் அதைப் பெருமளவில் கையாண்டது. துரு ஏறாதிருக்க அரக்கோ செம்பு முலாமோ பூசப்பட்டது.

உறை குழலுக்குள் செல்வதே இல்லை. செல்வது குண்டு மட்டுமே. எனவே எஃகு உறை குழலைத் தேய்க்கும் என்பது தவறு. குண்டின் மேலுறையும் செம்பு பூசிய எஃகாக இருந்தால் குழல் சற்று விரைவாகத் தேயும். அது வேறு செய்தி. வெற்றுறையைப் பற்றி இழுக்கும் கொக்கிக்குக் கூடுதல் தேய்மானம் உண்டு. அதை மாற்றிவிடலாம்.

அரிக்கும் பிரைமர்

உண்மையான பகை உறையின் அடியில் உள்ள பிரைமர் என்னும் தீமூட்டும் கிண்ணம். பழைய படைத்துறைத் தோட்டாக்கள் பலவற்றில், குறிப்பாக 7.62×25 டோக்கரேவ் தோட்டாக்களில், பொட்டாசியம் குளோரேட்டு கலந்த பிரைமர் உள்ளது. தீக்குச்சித் தலையில் இருப்பதும் இதே பொருள்தான். எரிந்த பின் இது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிகிறது. சமையல் உப்பின் நெருங்கிய உறவான இவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து, சில நாள்களிலேயே குழலில் துருக்குழிகளை உண்டாக்கும்.

உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். இதை மறந்து எண்ணெய் மட்டும் தடவி வைப்பவர்களே துப்பாக்கியை இழக்கிறார்கள். சுட்ட அன்றே தோட்டா முழுவதையும் அகற்றி, பிரித்து, குழலையும் அறையையும் சூடான சோப்பு நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் இட வேண்டும். பித்தளை உறையிலும் அரிக்கும் பிரைமர் இருக்கலாம். அண்மையில் செய்யப்பட்ட எஃகு உறைத் தோட்டாக்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே உறையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது பயன் தராது.

அளவுக் குழப்பம்

துருவைவிட ஆபத்தானது தோட்டா மாறிப்போவது. 7.62×25 டோக்கரேவ் தோட்டா, பழைய மவுசர் சி96 துப்பாக்கிக்குரிய 7.63 மிமீ தோட்டாவை ஒட்டி உருவானது. அளவில் ஏறக்குறைய ஒன்றே. எனவே மவுசரிலும் நுழைந்துவிடும். ஆனால் டோக்கரேவ் தோட்டா பொதுவாக வலிமை மிக்கது. நூறாண்டு பழமையான மவுசர் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் உடைந்து சுடுபவரைக் காயப்படுத்தக்கூடும். 1951-இல் சோவியத் படை ஏற்ற மக்காரொவின் 9×18 தோட்டாவும் வழக்கமான 9 மிமீ தோட்டாவும் ஒன்றல்ல. மக்காரொவ் குண்டு சுமார் 9.27 மிமீ தடிமன் கொண்டது.

உருசியத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி வழங்குவதை ஐக்கிய அமெரிக்கா 2021 செப்டம்பரில் நிறுத்தியது.