பளபளப்பு எத்தனை மைக்ரான்?

“ரப்பிங் போட்டா எல்லாக் கோடும் போயிடும் சார்.” டிங்கரிங் பட்டறைகளில் நாள்தோறும் கேட்கிற வாக்குறுதி இது. பொய்யில்லை, கோடு போகத்தான் செய்கிறது. எப்படிப் போகிறது என்பதைத்தான் காரின் சொந்தக்காரர் கேட்க மறந்துவிடுகிறார். கீறல் என்பது ஒரு பள்ளம். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் மேட்டைப் பள்ளத்தின் அடிவரைக்கும் தேய்த்து இறக்குகிறது. மேடு இறங்கியதும் பள்ளம் காணாமல் போகிறது. ஆக, மெஷின் ஓடுகிற ஒவ்வொரு தடவையும் பெயின்ட் கொஞ்சம் குறைகிறது.

குறைவதற்கு அங்கே எவ்வளவு இருக்கிறது? இன்றைய காரின் தகட்டின் மேல் வரிசையாக நான்கு பூச்சுகள் உண்டு. துருவைத் தடுக்க மின்சாரத்தின் உதவியோடு படியவைக்கும் ஈ-கோட், அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும் காரில் நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்குதான் மைக்ரான். இதில் பாலிஷ் தொடலாம் என்று அனுமதி உள்ள கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். பொதுவாக ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் ரசாயனங்கள் இருப்பதும் இந்த அடுக்கில்தான். இது அளவுக்கு மீறி மெலிந்தால் மேற்கூரையிலும் பானட்டிலும் வெள்ளைத் திட்டுகள் விழுந்து உரியத் தொடங்கும். அதற்குப் பிறகு எந்த பாலிஷும் உதவாது. அந்தப் பகுதிக்குப் புதிதாக பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி.

கறுப்பு, கருநீலக் கார்களை வெயிலில் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்டவட்டமாகக் கோடுகள் தெரியும். யாரோ வட்டமாகத் துடைத்திருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அந்தக் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடப்பவை. வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு, கண்ணில் படாததால் அதன் சொந்தக்காரர் நிம்மதியாக இருக்கிறார். இவை பெரும்பாலும் விபத்தில் வந்தவை அல்ல. விடியற்காலையில் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரே ஒரு துணி என்று கார் துடைக்கிறோமே, அதில் வந்தவை. கதவின் அடிப்பாகத்து மண்ணைத் துடைத்த துணி அப்படியே பானட்டுக்கு ஏறுகிறது. போர்வெல் தண்ணீர் வெயிலில் காய்ந்து விட்டுச்செல்லும் உப்புக் கறை தனிக் கணக்கு.

எது பாலிஷில் போகும், எது போகாது என்று கண்டுபிடிக்க விரல் நகம் போதும். கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டும்போது அது சிக்கினால் பள்ளம் ஆழமானது. அதை முழுதாக எடுக்கப் பார்ப்பவர் கிளியர் கோட்டைத் தாண்டிவிடுவார். அப்படிப்பட்ட கீறலை விளிம்பு மழுங்கும் அளவுக்குக் குறைத்துவிட்டு அதோடு சமாதானமாகிவிடுவதே புத்திசாலித்தனம்.

கடை அலமாரியில் பாலிஷ் என்று வரிசையாக நிற்கும் டப்பாக்களில் பாதி தேய்ப்பவை, பாதி பூசுபவை. தேய்ப்பவற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு என்னும் கடினமான தூள். தூள் முரடாக இருந்தால் காம்பவுண்ட், நைசாக இருந்தால் ஃபினிஷிங் பாலிஷ். பூசுபவை மெழுகும் சீலன்ட்டும். இவை கீறலை எடுக்காது. ஜெர்மனியின் மென்சர்னா நிறுவனம் தன் பாட்டில்களில் 400 என்றும் 3500 என்றும் எண் போடுகிறது. எண் கூடக்கூட நைஸ். அதே நாட்டின் கோக் கெமியில் நேர்மாறு: எச்9 முரடு, எஃப்6 நடுத்தரம், எம்3 மிக நைஸ். த்ரீ எம் பாட்டில்களை மூடி நிறத்தால் அடையாளம் காணலாம். பச்சை முரடு, மஞ்சள் நடு, நீலம் கடைசி மெருகு. ஆக, ஒரு கம்பெனியின் எண்ணையோ நிறத்தையோ மனப்பாடம் செய்துகொண்டு இன்னொரு கம்பெனியின் பாட்டிலை வாங்கப் போகக் கூடாது.

தூளிலும் இரண்டு குணம் உண்டு. ஒரு வகை, தேய்க்கத் தேய்க்க உடைந்து நைசாகிக்கொண்டே போகும். இதைப் பாதியில் நிறுத்தினால் முரட்டுத் தூள் போட்ட மங்கல் அப்படியே தங்கிவிடும். பால்போல் இருக்கும் படலம் கண்ணாடிபோல் தெளியும்வரை மெஷின் ஓடியாக வேண்டும். இன்னொரு வகை, கடைசிவரை ஒரே அளவில் இருக்கும். 1901-இல் மரச்சாமான் பாலிஷ் செய்வதில் தொடங்கிய அமெரிக்காவின் மெகுவையர்ஸ் நிறுவனம் தன் எம்105, எம்205 பாட்டில்களில் இந்த வகையைத்தான் பயன்படுத்துகிறது. வாங்குவதற்கு முன் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் ‘நல்ல கம்பெனி பாலிஷ்தான், ஆனா எனக்குச் சரியா வரல’ என்ற புலம்பல் பாதி குறையும்.

பாலிஷைவிட அது ஏறி உட்காரும் பேடுக்குத்தான் அதிகாரம் அதிகம். ஒரே பாலிஷ், கம்பளி பேடில் காம்பவுண்ட் மாதிரி வெட்டும். மிருதுவான ஃபோமில் மெருகு மட்டும் போடும். இடையில் மைக்ரோஃபைபர் பேடும் கடினமான ஃபோமும் இருக்கின்றன. ஃபோமின் நிறத்துக்கும் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் வேறு. கையால் அமுக்கிப் பார்த்தாலே கடினமா மிருதுவா என்று தெரிந்துவிடும்.

இனி மெஷின். பட்டறைகளில் காலம்காலமாக ஓடுவது ரோட்டரி. ஒரே அச்சில், நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்றுவரை சுழலும். 7 அங்குல பேடை 2000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு ஏறத்தாழ மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் பெயின்டைத் தேய்க்கிறது. நடுமையமோ கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. விளிம்பில் வேகமும் சூடும் ஒன்றுசேர்வதால், ஒரே இடத்தில் நாலைந்து நொடி கூடுதலாக நின்றாலும் பெயின்ட் வெந்துவிடும். கதவின் ஓரம், பானட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயின்ட் இயல்பாகவே மெல்லிசு. முதலில் அடி தெரிவது அங்கேதான். நைசான பேடால் முடிக்காமல் விட்ட ரோட்டரி வேலையில் ‘ஹாலோகிராம்’ எனப்படும் புகை அலைகள் வெயிலில் ஆடும். ஷெட்டின் டியூப் லைட்டில் அவை தெரியாது. டெலிவரி எடுத்த மறுநாள் காலை தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ரோட்டரியை ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. புதிதாக பெயின்ட் அடித்து, அதன் தூசி முட்டுகளை 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்த பேனலில் அந்த மங்கலை விரைவில் எடுக்க ரோட்டரியும் கம்பளியும்தான் சரி. கை பழகிய பெயின்டர் அதை ஓட்டும் லாவகம் தனி அழகு. கை பழகாதவருக்கு அது வேண்டாம் என்பதே விஷயம். அதைவிட ஆபத்து, ஆங்கிள் கிரைண்டரில் பேடை மாட்டி பாலிஷ் போடுவது. சிறிய கிரைண்டர்களில் பல நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுபவை. அதைக் காரின் பக்கத்தில்கூடக் கொண்டுவரக் கூடாது.

வீட்டில் செய்பவருக்கு ஏற்றது டிஏ என்று கடைக்காரர்கள் சொல்லும் டூயல் ஆக்‌ஷன் மெஷின். இதில் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே, மையம் விலகி ஆடவும் செய்கிறது. ஒரே தடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்காததால் சூடு குறைவு, புகை அலையும் மிகக் குறைவு. எவ்வளவு அகலம் ஆடுகிறது என்பதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 8 மில்லிமீட்டர் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்த அளவு. 1947-இல் மிலானில் தொடங்கிய இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் தன் பிக்ஃபுட் வரிசையில் அதை 15 ஆகவும் 21 ஆகவும் நீட்டியது. இன்று மலிவான மெஷின்களும் அந்த அளவுகளைப் பின்பற்றுகின்றன. 21 அகலமான பானட்டுக்கும் கூரைக்கும் வசதி. பம்பரும் வளைவும் நிறைந்த நம் ஊர்ச் சிறிய கார்களுக்கு 15 போதும், அதுவே நல்லது.

டிஏவுக்கு ஒரு பலவீனம் உண்டு. சாய்த்துப் பிடித்தாலோ, பலம் கொண்டு அழுத்தினாலோ சுழற்சி நின்று வெறும் அதிர்வு மட்டும் இருக்கும். சத்தம் கேட்கும், வேலை நடக்காது. தொழில் தெரிந்தவர்கள் பேட் ஒட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டுவைப்பார்கள். ஓடும்போது கோடு மெதுவாகச் சுற்றுவது கண்ணில் பட்டால் பேட் சுழல்கிறது. ஒரே இடத்தில் நடுங்கினால் கையைத் தளர்த்த வேண்டும். ஃப்ளெக்ஸ் போன்ற கம்பெனிகள் எவ்வளவு அழுத்தினாலும் சுழற்சி நிற்காதபடி பல்சக்கரம் வைத்த மெஷின்களும் செய்கின்றன. வலுவானவைதான், ஆனால் புதியவர் கையில் சற்றே திமிறும்.

எந்தக் காருக்கு எந்தச் சேர்க்கை என்று எந்த அட்டவணையும் உறுதியாகச் சொல்லாது. ஜெர்மன் கார்களின் கிளியர் கோட் கடினம், ஜப்பானியக் கார்களுடையது மிருது என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. ஓரளவு உண்மையும் உண்டு. மெர்சிடிஸ் 2003-இல் நானோ துகள் கலந்த கடினமான கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. நிசான் 2005-இல் சின்னக் கீறல் தானே ஆறிக்கொள்ளும் மிருதுவான பூச்சை அறிமுகப்படுத்தியது. அதனால் நிச்சயமான வழி சோதனைக் கட்டம்தான். காரைக் கழுவி, ஒட்டியிருக்கும் பிசுக்கை கிளே பாரால் எடுத்துவிட்டு, பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கையிலிருப்பவற்றில் மிக நைசான பாலிஷையும் மிருதுவான பேடையும் முதலில் எடுங்கள். பட்டாணி அளவில் நான்கு சொட்டு. மெஷினின் முதல் வேகத்தில் பரப்பி, நான்காம், ஐந்தாம் வேகத்துக்கு ஏற்றி, நொடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில், முந்தைய தடத்தில் பாதியை மூடியபடி குறுக்கும் நெடுக்குமாக நான்கு தடவை. பிறகு துடைத்து, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆல்கஹால் துடைப்பை விட்டுவிடவே கூடாது. பல பாலிஷ்களில் இருக்கும் எண்ணெய், கீறலில் தேங்கி அதை மறைத்துவிடும். இரண்டு, மூன்று தடவை கழுவியதும் கோடுகள் திரும்பிவந்து ‘மறுபடி கீறிட்டாங்க’ என்று வாட்ச்மேன் மேல் பழி விழுவதற்குக் காரணம் இதுதான். துடைத்த பிறகும் கீறல் மிச்சமிருந்தால் முதலில் பேடை மாற்ற வேண்டும், அதற்கும் போகாவிட்டால் பாலிஷை. முரட்டிலிருந்து தொடங்குபவருக்கு எவ்வளவு போதும் என்பது கடைசிவரை தெரியாது. வெயிலில் நின்று கொதிக்கும் பானட்டில் இதையெல்லாம் செய்யாதீர்கள். பாலிஷ் உடனே காய்ந்து மாவாகப் பறக்கும்.

செலவழிக்க மனமிருந்தால் மெஷினுக்கு அடுத்து வாங்க வேண்டியது பெயின்ட் தடிமன் பார்க்கும் கேஜ். கைக்கு அடக்கமான கருவி. இரும்பிலும் அலுமினியத்திலும் அளவு காட்டும்; பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் காட்டாது. 120 என்றால் கம்பெனி பெயின்டாக இருக்கலாம். ஒரு கதவில் மட்டும் 250, 300 என்றால் அது மறுபடி அடிக்கப்பட்டது. பல நூறைத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது, பழைய கார் வாங்குபவருக்கு இது இன்னும் பெரிய செய்தி. மொத்தத் தடிமனைத்தான் அது சொல்லும், கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று பிரித்துச் சொல்லாது. அதனால் எண் பெரிதாக இருக்கிறதே என்று தைரியமாகத் தேய்த்துவிடவும் கூடாது.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. உத்தரபாராவில் 2014-இல் உற்பத்தி நின்ற அந்தக் காரின் பழைய வண்டிகளில் கிளியர் கோட் கிடையாது. நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சில். வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து ஓர் ஓரத்தில் தேய்த்தால் காரின் நிறம் துணியில் ஏறும். பயப்பட வேண்டாம், அது செத்துப்போன மேல்படலம். சுண்ணாம்புபோல் வெளுத்த பெயின்ட் ஒரே நாளில் உயிர்பெறுவதைப் பார்க்கலாம். ஆனால் அடியில் பிரைமர் காத்திருக்கிறது, எனவே கம்பளியும் காம்பவுண்டும் இங்கே கடைசிப் புகலிடம்தான்.

கீறலை எடுத்த பிறகு என்ன பூசுவது என்பது சின்ன விஷயம், விளம்பரம்தான் பெரிது. பிரேசில் பனையோலையிலிருந்து வரும் கார்னாபா மெழுகு அழகாக மினுக்கும், நம் வெயிலில் சில வாரங்களில் போய்விடும். செராமிக் கோட்டிங் நெடுநாள் நிற்கும். கீறலைச் சரிசெய்யாமல் அதைப் பூசினால் கீறலும் அதனடியில் நெடுநாள் நிற்கும். ‘டெஃப்லான் கோட்டிங்’ என்று விற்கப்படுவதில் டெஃப்லானின் வேலை என்ன என்பது விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் பொருள் உருகுவது 327 டிகிரியில். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அதைச் சூட்டில் சுட்டுத்தான் படியவைக்கிறார்கள். கார் பெயின்ட் அந்தச் சூட்டைத் தாங்காது.

வீட்டிலேயே செய்ய விரும்புபவருக்கு 15 மில்லிமீட்டர் டிஏ ஒன்று, நடுத்தர பாலிஷ் ஒரு பாட்டில், ஃபோம் பேட் ஐந்தாறு போதும். பேடை மட்டும் குறைக்க வேண்டாம். ஒரே பேட் முழுக் காருக்கும் ஓடினால் சூடேறி, அடைத்து, வெட்டுவதை நிறுத்திவிடும். டீட்டெய்லிங் கடையில் விடுபவர்கள், வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பேனலின் கேஜ் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் கடையில் காரை விடாதீர்கள்.