கடல் தாண்டி வரும் பேட்டரி ஆட்டோ: வாங்குமுன் கேளுங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து ராதாநகர் கடற்கரைக்குச் சுமார் 12 கிலோமீட்டர். காட்டோரமாக ஏறி இறங்கும் சாலை. 2018 டிசம்பரில் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் வைத்தாயிற்று; ஏற்றம் ஏற்றமாகத்தான் இருக்கிறது. இங்கே பேட்டரி ஆட்டோ ஓட்டிப் பிழைக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் சமதளத்து நகரச் சந்துகளை மனதில் வைத்துச் செய்த வண்டியை அப்படியே கப்பலேற்றிக் கொண்டுவந்தால், நட்டம் வாங்கியவர் தலையில்தான் விழும்.

விற்பவர்கள் எல்லாவற்றையும் பேட்டரி ஆட்டோ என்றே சொல்வார்கள். சட்டம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று இ-ரிக்‌ஷா: மோட்டார் 4000 வாட்டுக்கு மேல் போகக்கூடாது, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், ஓட்டுநரைத் தவிர நான்கு பேர். மற்றொன்று எல்5 வகை இ-ஆட்டோ. அதற்கு அந்த வேகக் கட்டுப்பாடு இல்லை, இழுவையும் கூடுதல். ஜெட்டிக்கும் கோவிந்த நகர் கடைத்தெருவுக்கும் இடையே சவாரி ஓட்ட இ-ரிக்‌ஷா போதும். ராதாநகர் சவாரிதான் உங்கள் வருமானம் என்றால் இ-ரிக்‌ஷாவை வாங்காதீர்கள். ஆள் ஏற்றிக்கொண்டு ஏறும்போது மோட்டாரும் கன்ட்ரோலரும் சூடேறும். பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

ஆபத்து ஏற்றத்தைவிட வளைவில் அதிகம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு என்ற அமைப்பில் வண்டி நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல். முன்னே போகப் போக அது குறுகிவிடும். திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் எடை முழுதும் அந்தக் குறுகலான பக்கம் பாய்ந்து, பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும். சுற்றுலாப் பயணிகளின் பெட்டிகளைக் கூரைமேல் கட்டினால் நிலைமை இன்னும் மோசம். பேட்டரி தரைத்தட்டுக்குக் கீழே இருக்கிற, பின்சக்கரங்கள் நன்றாக அகன்ற வண்டியாகப் பாருங்கள். காலி வண்டியை ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. ஆட்களை உட்காரவைத்து ஏற்றத்தின் நடுவில் நிறுத்துங்கள். பின்னால் உருளாமல் மறுபடி கிளம்புகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உப்புக்காற்று. ஒயர் முனைகளில் பச்சை பூத்து, இணைப்பு தளர்ந்து, அங்கேயே சூடேறும். பேட்டரிப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வாரண்டி அட்டையின் பொடி எழுத்தையும் படியுங்கள். துருவும் நீர் புகுதலும் விலக்கப்பட்டிருந்தால், கடலோரத்தில் அந்த வாரண்டிக்குப் பாதி மதிப்புதான். உதிரிபாகம் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வர வேண்டிய ஊர் இது. பழுது பார்ப்பவர் ஸ்ரீ விஜயபுரத்திலாவது (பழைய போர்ட் பிளேர்) இருக்கிறாரா என்பதை விலை பேசுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது தீ. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் 13 வயது மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த தொடர் தீவிபத்துகளுக்குப் பிறகு பேட்டரிச் சோதனை விதியான ஏஐஎஸ்-156 கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. லித்தியம் பேட்டரி என்றால் அந்தத் திருத்தப்பட்ட விதியின்படி சான்று பெற்றதா என்று கேளுங்கள். ஈய-அமில பேட்டரி மலிவு. ஆனால் அடிமட்டம் வரை காலி செய்தால் ஆயுள் குறையும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும். எந்த பேட்டரியானாலும் படுக்கும் அறையிலும் வீட்டின் ஒரே வாசலிலும் சார்ஜ் போடக்கூடாது. தீவின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருவது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் தாங்கும் சார்ஜர் வேண்டும்.

பேட்டரி வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. அதைக் காட்டி எதுவுமே வேண்டாம் என்று சிலர் விற்கிறார்கள். அது பொய். பதிவு, தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம், மூன்றாம் நபர் காப்பீடு நான்கும் கட்டாயம். வாடகை வண்டியின் நம்பர் பிளேட் பச்சை, எழுத்து மஞ்சள். பயணிகளும் இதைப் பார்த்து ஏறலாம். பதிவும் காப்பீடும் இல்லாத வண்டி கவிழ்ந்தால் நஷ்டஈடு கொடுக்கக் காப்பீட்டு நிறுவனமே இருக்காது. ஓட்டுநரின் சொத்தைத்தான் துரத்த வேண்டும். விபத்து நடந்தால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள்.

வண்டி ஏமாற்றிவிட்டால்? தொழிலுக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று விற்றவர் வாதிடுவார். தன் பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பல வண்டி வாங்கி வாடகைக்கு விடுபவருக்கு இந்தச் சலுகை கிடைப்பது கடினம். சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். விசாரணையைக் காணொளியில் நடத்தும்படி மனுவிலேயே கேட்கலாம், ஒவ்வொரு தேதிக்கும் படகேற வேண்டியதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகாரைப் பதியுங்கள். பில், வாரண்டி அட்டை, வாட்ஸ்அப்பில் விற்பவர் சொன்ன மைலேஜ், பழுதுபார்த்த ரசீது ஆகியவற்றைப் போனில் மட்டும் வைக்காமல் ஈரம் படாத கவரில் நகலும் வைத்திருங்கள்.

தீர்ந்துபோன பேட்டரியைக் காட்டோரத்தில் போட்டால் ஈயமும் அமிலமும் மண்ணில் இறங்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறச் செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. கடல் கடந்து அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் வாங்கும் நாளிலேயே பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.