விழியும் விழிப்பும்

விருதுநகர் மாவட்டம் சாத்தூருக்கு அருகில், அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சூழ அமைந்த ஊர் இருக்கன்குடி. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று இவ்வூர் மாரியம்மன் கோயிலில் மக்கள் பெருந்திரளாகக் கூடுவர். கண்நோய் நீங்க வேண்டிக்கொண்டோர் கண்மலர் செலுத்துவது இங்குள்ள வழக்கம். பார்வையின் அருமையை உணர்ந்த மக்கள் வாழும் மண் இது. அத்தகைய பார்வையை ஓரிரு நாளில் பறிக்கவல்ல நஞ்சு ஒன்று சாராயத்தில் கலந்து விற்கப்படுகிறது. அதுவே மெத்தனால்.

ஒளியைப் பறிக்கும் நஞ்சு

மதுவில் இருப்பது எத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது மெத்தனால். நிறத்தாலும் மணத்தாலும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் அரிது. உடலுக்குள் சென்ற மெத்தனாலைக் கல்லீரல் முதலில் பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதை இவ்வமிலம் தடுக்கிறது. மிகுதியான ஆற்றலை வேண்டிநிற்கும் பார்வை நரம்பு இதனால் பெரிதும் சிதைகிறது.

இம்மாற்றம் நிகழப் பல மணிநேரம் ஆகும். எனவே, குடித்தவர் தொடக்கத்தில் ஆபத்தை உணர்வதில்லை. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல், மங்கலான பார்வை ஆகியவை பின்னரே தோன்றுகின்றன. உடனடியாக மருத்துவமனையை அடைந்தால் மாற்று மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் உயிரைக் காக்க வாய்ப்புண்டு. போதை மயக்கம்தான் என்றெண்ணிக் காலம் தாழ்த்துவதே பலரைச் சாவில் தள்ளுகிறது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரும் இவ்வாறு மாண்டனர். கள்ளக்குறிச்சியில் தாய், தந்தை இருவரையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு.

மெல்லக் கொல்லும் மது

கள்ளச்சாராயம் மட்டுமே தீங்கானது என்று கருதுதல் கூடாது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1988ஆம் ஆண்டிலேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 26 இலட்சம் பேர் மதுவால் இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. முடிவெடுக்கும் திறனுக்கு அடிப்படையான மூளையின் முன்பகுதி, ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ச்சியடைகிறது. வளர்ந்துவரும் அம்மூளையை மதுவும் கஞ்சாவும் நினைவாற்றல் குறையும்படி தாக்குகின்றன. இளமையில் தொடங்கும் பழக்கம் எளிதில் அடிமைநிலையாக மாறுவதும் இதனால்தான்.

கந்தகத்தின் அருகில்

பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் இத்தீமை மேலும் அச்சம் தருவது. அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு முதலியன கலந்த மருந்து சிறு உராய்விலும் தீப்பற்றக்கூடும். அதனைக் கையாள நிதானமான கையும் தெளிந்த மனமும் வேண்டும். குடிப்பழக்கமோ கைந்நடுக்கத்தையும் கவனச்சிதறலையும் தருகிறது. போதையில் இருப்பவர் வெடிபொருளைக் கையாளக் கூடாது என்று 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் தடைசெய்கின்றன. ஒருவரின் தடுமாற்றம், அருகில் பணிபுரியும் அனைவரின் உயிரையும் பணயமாக்கிவிடும்.

விருதுநகரின் குரல்

மாநிலத்திற்குத் 'தமிழ்நாடு' எனப் பெயரிடக் கோரி 1956ஆம் ஆண்டு விருதுநகரில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த தியாகி சங்கரலிங்கனாரை அனைவரும் அறிவர். நாடெங்கும் மதுவிலக்கு வேண்டும் என்பதும் அவருடைய கோரிக்கைகளுள் ஒன்று என்பதைப் பலர் அறியார். பெயர்மாற்றம் 1969இல் நிறைவேறியது. மற்றொன்று இன்னும் எஞ்சி நிற்கிறது.

மீளும் வழி

போதைக்கு அடிமையாதல் மருத்துவத்தால் சீர்செய்யத்தக்க நோய். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் மறுவாழ்வு நிறுவனத்தைத் தொடங்கி, எண்ணற்றோர் மீளத் துணைநின்றார். போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. நோயுற்றவரை இகழ்ந்து ஒதுக்காமல் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது குடும்பத்தின் கடமை. 'ஒருமுறைதானே' என்று நண்பர் நீட்டும்போது மறுத்துரைக்கும் துணிவு மாணவர்க்கு வேண்டும். பின்னாளில் மீள்வதைவிட அன்றே மறுப்பது எளிது.