பழைய காடி – 7: பாலத்திலா, லெபுராயாவிலா?

சென்ற வாரம் பேட்டரி. இந்த வாரம் தண்ணீர்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஜொகூர் பாலம். முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள். என் பழைய வீரா காடியின் சூட்டு முள் பாதியைத் தாண்டி நகர ஆரம்பித்தது. வரிசை நிற்கும்போதெல்லாம் எஞ்சினை நிறுத்தினேன், நகர்ந்தால் போட்டேன். பாலத்தை ஒட்டிப் பெரிய குழாய்கள் ஓடுகின்றன, பார்த்திருப்பீர்கள். 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை ஜொகூர் ஆற்றுத் தண்ணீரைச் சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். அத்தனை தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் காடி கொதித்தது.

மறுநாள் மாசாயில் எனக்குப் பழக்கமான போமன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"எங்க தம்பி சூடாச்சு? பாலத்துலயா, லெபுராயாவுலயா?"

"பாலத்துலதான் அண்ணே. லெபுராயாவுல முள் அசையவே இல்ல."

"அப்ப முதல்ல கிப்பாஸைப் பார்ப்போம்."

எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. யோசித்தால் எளிய கணக்குதான். லெபுராயாவில் 90-இல் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். வரிசையில் நின்றால் காற்று ஏது? கிப்பாஸ் ஒன்றுதான் கதி. போதாததற்கு ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏர்கோன் கண்டென்சர் தன் சூட்டையும் அதன் மேல் தள்ளுகிறது. ஆகவே நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதல் சந்தேகம் கிப்பாஸ் மேல். பட்டணத்தில் சமர்த்தாக ஓடிவிட்டு, மாச்சாப் ஓய்விடம் வருவதற்குள் முள் ஏறுகிறதா? அது வேறு நோய். ரேடியேட்டர் குழாய் அடைத்திருக்கும், அல்லது வாட்டர் பம்பின் இறக்கை துருவில் தேய்ந்திருக்கும், அல்லது தண்ணீரே குறைவாக இருக்கும்.

கிப்பாஸை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். ஏர்கோனைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருங்கள். முள் பாதிக்கு வந்து கொஞ்ச நேரத்தில் கிப்பாஸ் தானாகச் சுற்றி, பிறகு நிற்க வேண்டும். சுற்றாவிட்டால் ஏர்கோனைப் போட்டுப் பாருங்கள். பல காடிகளில் ஏர்கோன் போட்டால் ரேடியேட்டர் கிப்பாஸும் சேர்ந்து சுற்றும். அப்போது சுற்றினால் மோட்டார் நல்லது. சூட்டைச் சொல்லும் சென்சரையும் அதன் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, கடைசியில் மோட்டார். என்னுடையதில் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. போமன் அண்ணன் ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார், சுற்றியது. பள்ளிக்கூடப் பிள்ளையைக் காலையில் எழுப்புவதைப்போல. (கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். சில காடிகளில் சாவியை எடுத்த பிறகும் கிப்பாஸ் திடீரென்று சுற்றும்.)

அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். என் காடியில் தெர்மோஸ்டாட்டே இல்லை. முன்பு போன ஒரு வொர்க்‌ஷாப்பில் "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தவறு. வெளி வெயில் 33 டிகிரி. எஞ்சினுக்கு வேண்டியதோ 80-க்கு மேல். அந்தச் சூடு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் கதவு அது. கதவில்லாத எஞ்சின் லெபுராயாவில் சூடேறாமலேயே ஓடும், பெட்ரோல் குடிக்கும், கறுப்பெண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அது குக்கர் மூடியின் தம்பி. உள்ளே அழுத்தம் காப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைக் கோட்டைவிடும். காடி சூடாக இருக்கையில் அதைத் திறப்பது விசில் அடங்குமுன் குக்கரைத் திறப்பதுதான், முகம் வெந்துபோகும். முள் சிவப்பைத் தொட்டால் எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரத்துக்கு மேலேயே காத்திருங்கள். ஹீட்டரைப் போட்டால் சூடு இறங்கும் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். நம் ஊரில் விற்ற பல சிறிய காடிகளில் ஹீட்டரே கிடையாது, என்ன செய்ய?

வழியில் குறைந்தால் மினரல் வாட்டர் ஊற்றலாம், குற்றமில்லை. ஆனால் பைப் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் ஓட்டினால் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினிய ஹெட் அரிபடும். கூலன்ட் வெறும் பச்சைச் சாயமில்லை, துருவைத் தடுக்கும் மருந்து. ஒருமுறை கொதித்த காடி என்றால் கறுப்பெண்ணெய் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தே தாரிக் நுரை மாதிரி படிந்திருக்கிறதா? டிப்ஸ்டிக்கிலும் அப்படியே இருக்கிறதா? தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டன. பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அதற்கு மேல் ஓட்டாதீர்கள். மூடியில் மட்டும் லேசான படலம் என்றால், கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் காடியின் ஈரமாகவும் இருக்கலாம்.

வயதைக் காட்டிப் பழைய காடிகளை விற்றுவிடச் சொல்கிறார்கள். வீரா 1993-இல் வந்தது, 2009-இல் நின்றது. வீரன் என்று நமக்கு மொழிபெயர்க்கவே வேண்டாம். அதற்கு மூத்தது 1985 ஜூலையில் வந்த சாகா. அது ஆனைக்குண்டுமணி மரத்துக்கு மலாய்ப் பெயர். தமிழில் வாசித்தால் சாகாத காடி! எங்கள் தாமானில் இன்னும் ஒன்று ஓடுகிறது. அதன் சொந்தக்கார மாமா வாரத்துக்கு ஒரு காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரப்பர் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்க்கிறார். வெண்டைக்காய் ஒடித்து வாங்குகிறவரைப்போல. கல்லாக இறுகினாலும் கஞ்சியாகத் தொய்ந்தாலும் மாற்றிவிடுவாராம்.

மோட்டாரையும் மூடியையும் மாற்றினேன், தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பாலம். இரண்டு மணி நேரம் நின்றோம். மனைவி ஏர்கோனை நிறுத்தவில்லை. முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

(அடுத்த வாரம்: பிரேக்)