பனம்பாத்தியும் பாலர் கணக்கும்

"ஐந்தும் மூன்றும் எத்தனை?" என்று வினவினால், "எட்டு" என உடனே விடை பகரும் பாலர் பலர் உளர். அதே குழந்தையின் முன் எட்டுப் புளியங்கொட்டைகளை வைத்து, மூன்றை எடுத்து மறைத்து, எஞ்சியவை எத்தனை, எடுத்தவை எத்தனை என்று கேட்டால், அது திகைத்து நிற்பதுண்டு. கூட்டும்போது பொருள்கள் யாவும் கண்முன் இருக்கின்றன. கழிக்கும்போதோ ஒரு பகுதி மறைந்துவிடுகிறது. முன்பிருந்த முழுத்தொகையைக் குழந்தை மனத்திலே தாங்க வேண்டியிருக்கிறது. இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது.

1840ஆம் ஆண்டிலே தம் பள்ளிக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரிட்ட ஜெர்மானிய அறிஞர் புரோபெல், பந்தும் மரக்கட்டையும் கொடுத்துக் கற்பித்தார். 1939இல் சென்னைக்கு வந்த மொண்டிசோரி அம்மையாரும் தொட்டறியும் பொருள்களையே கணக்கிற்கு முதற் கருவியாகக் கொண்டார். யாழ்ப்பாணத் தீவுப் பகுதியிலுள்ள சரவணை போன்ற ஊரில் அக்கருவிகளை விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. பனை அவற்றைப் பருவந்தோறும் தருகிறது.

வைகாசி, ஆனியில் நுங்கு. ஒரு நுங்கில் பெரும்பாலும் மூன்று கண்கள் இருக்கும். ஒரு கண்ணைத் தோண்டி உண்டபின் இரண்டு எஞ்சும். வெறுங்குழி அங்கேயே இருப்பதால், போனது எது என்பதும் தெரியும். சிலவற்றில் இரண்டே கண் இருப்பதுண்டு. அதனை ஒதுக்கிவிடாமல், மூன்றுக்கு எத்தனை குறைவு என்று கேட்பது நன்று.

ஆடி, ஆவணியில் சோளகக் காற்றோடு பனம்பழம் விழும். காலையில் வந்த பழம் நான்கு, மாலையில் இரண்டு எனக் கூட்டலுக்கு உகந்த காலம் இது. ஆனால் பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பலாகாது. பெரியோர் பொறுக்கித் தந்தவையே போதும்.

மாரியிலே கடலோரத்தில் கூடும் பறவைகளை எண்ணச் செய்யலாமே என்பாரும் உளர். எண்ணி முடிக்குமுன் பறந்துவிடுவன தொடக்க வகுப்புக்கு ஏற்றவை அல்ல.

சிறந்த பாடம் பாத்தியிலே இருக்கிறது. மழைக்கு முன்னர், பள்ளி வளவிற் சிறு பாத்தி கட்டிப் பத்துப் பனங்கொட்டைகளை அடுக்கி மண்ணால் மூடவேண்டும். ஒவ்வொரு கொட்டைக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லைக் குழந்தைகளே ஒரு சிரட்டையில் இடவேண்டும். மூன்று நான்கு திங்கள் கழியும். பத்து என்ற எண் மறந்தும் போகலாம். கற்கள் அதனை மறவாமற் காத்திருக்கும். தை மாதத்திற் கிழங்கு கிண்டும்போது, கிழங்குக்கு ஒரு கல்லாக இணைத்து வைக்கச் செய்தல் வேண்டும். கிழங்கு எட்டாயின் இரண்டு கற்கள் துணையின்றி நிற்கும். அந்த இரண்டும் எவற்றைக் குறிக்கின்றன என்று கேட்டபின்பே கழித்தற் குறியைக் கரும்பலகையில் எழுதலாம். குறியை முதலில் எழுதிப் பொருளைப் பின்னர்த் தேடுவது தலைகீழ் முறையாகும்.

கிழங்கை அவித்து உண்ணும்போதும் கணக்கு நிகழும். ஒருத்தியிடம் மூன்று துண்டு, மற்றவனிடம் இரண்டு என்றால், "ஆருக்குக் கூட?" என்ற வினாவைக் குழந்தைகளே எழுப்புவர். எதையும் எடுத்து அகற்றாமல், இரண்டு தொகைகளை ஒப்பிட்டு அறியும் கழித்தல் அது.

முளையாத இரண்டு கொட்டைகளையும் மண்ணைக் கிளறித் தேட விரும்பும் குழந்தையைத் தடுத்தல் வேண்டா. அவை அகப்பட்டதும், எஞ்சி நின்ற கற்களின்மேல் ஒவ்வொன்றாக வைத்து, எட்டும் இரண்டும் மீண்டும் பத்தாவதைத் தானே கண்டுகொள்ளும்.