உங்களுக்குத் தெரியுமா? தக்காளி செடியிலேயே சிவக்க வேண்டியதில்லை!

கொல்லைத் தக்காளி முழுக்கச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டாம். காயின் அடியில், காம்புக்கு நேர் எதிரே, இளஞ்சிவப்பு லேசாகத் தட்டியதுமே பறித்துவிடலாம். மேற்கொண்டு பழுக்கத் தேவையான எத்திலீன் வாயுவைக் காயே உண்டாக்கிக்கொள்ளும். அணில் முந்திக்கொள்ளும் வீடுகளில் இது எவ்வளவு பெரிய நிம்மதி!

கோடையில் இன்னொரு காரணமும் உண்டு. சிவப்பு நிறம் தரும் லைகோபீன், வெப்பம் சுமார் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சரியாக உருவாகாது. சித்திரை வெயிலில் பல பழங்கள் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுவது இதனால்தான். நோய் என்று பயந்து செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். நிறம் திரும்பிய காயைப் பறித்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். ஜன்னலோர வெயில் வேண்டாம், பழுக்க வெளிச்சம் தேவையே இல்லை. ஃபிரிட்ஜும் வேண்டாம்: அந்தக் குளிரில் மணம் தரும் பொருள்கள் குறைந்துபோகும். ஆசையாய் வளர்த்த பழத்தின் வாசனையை இழக்கலாமா?

பூ காயாக மாறாமல் உதிர்கிறதா? காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டுங்கள். தக்காளியின் மகரந்தம் குழல் போன்ற கூட்டுக்குள் இருக்கும். அதிர்ந்தால்தான் நன்றாகக் கொட்டும். மரத்தைத் துளைக்கும் கருவண்டு ரீங்காரமிட்டு அதை உதிர்த்துவிடும், தேனீயால் முடியாது.