வீட்டு உடற்பயிற்சிக் கருவிகள்

உடற்பயிற்சிக் கருவி என்றதும் கடைகளில் மின்னும் ஓடுபொறியையே பலர் நினைக்கின்றனர். பெரும்பணம் கொடுத்து அதனை வாங்கி, ஆறு திங்களுக்குள் ஈரத்துணி உலர்த்தும் கொடியாக ஆக்கிவிட்ட இல்லங்களும் நம்மிடையே உண்டு. ஒரு கயிறு, ஒரு ரப்பர்ப் பட்டை, ஒரு பாய், சிறு எடைகள் இரண்டு. ஒரு குடும்பத்திற்கு இவை போதும். ஆயினும் இவ்வெளிய பொருள்களையும் அறிந்து வாங்கிப் பேணாவிடில், உடலை வளர்க்க வாங்கிய பொருளே உடலுக்குத் தீங்கு செய்துவிடும்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் உழைக்க ஆடிப்பாட வேண்டும் என 2020ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அதற்கு ஸ்கிப்பிங் கயிற்றைவிட மலிவான துணை வேறில்லை. மாணவர்களே, கயிற்றின் நடுவில் ஒரு காலை வைத்து நின்று, இரு கைப்பிடிகளையும் மேலே இழுத்துப் பாருங்கள். அவை அக்குள் அளவுக்கு வந்தால் அக்கயிறு உங்களுக்கு ஏற்றது. அண்ணனின் கயிறு தம்பிக்கு நீளமாகிக் காலைத் தடுக்கும். கைப்பிடிக்கு அருகே முடிச்சிட்டுக் குறைத்துக்கொள்ளலாம். வெறுஞ்சிமெந்துத் தரையில் வெறுங்காலுடன் குதித்தல் முழங்காலுக்கு நல்லதன்று.

இனி ரப்பர்ப் பட்டை. நாள் முழுதும் பால்மரம் வெட்டுவோருக்கும் செம்பனைக் குலை அறுப்போருக்கும் பயிற்சி எதற்கு என்று கேட்பர். அவ்வேலைகள் ஒரே தசைகளையே மீண்டும் மீண்டும் வருத்துவன. குனிந்த தோள்களைப் பின்னிழுத்து விரிக்க இப்பட்டை பெரிதும் உதவும். முதலில் மெல்லிய பட்டையையே வாங்குக. பன்னிரண்டு முறை இழுத்தும் மூச்சு முட்டாதிருந்தால் அடுத்த தடிப்புக்குச் செல்லலாம்.

இப்பட்டைகளுள் பல, நம் மூதாதையர் வெட்டியெடுத்த அதே பாலால் ஆனவை. ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கினால் அது உறுதிபெறும் என்பதைச் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அவ்வாறு பதப்படுத்திய ரப்பருக்கும் பகைவர் உண்டு. வெயிலில் கிடந்த ரப்பர் ஷீட்டு பிசுபிசுத்துப் போவதைத் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் கண்டிருப்பார்கள். வெயில், வெப்பம், எண்ணெய் ஆகியவை பட்டையையும் அவ்வாறே கெடுக்கும். ஆதலால் தலைக்கும் உடம்புக்கும் எண்ணெயோ தைலமோ பூசிய கையுடன் அதனைத் தொடாதீர்கள். வியர்வை பட்டால் மென்மையான சவர்க்கார நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, சிறிது முகமாவு தூவி, இருண்ட பெட்டியில் வையுங்கள். சன்னல் கம்பியில் தொங்கவிடுதல் கூடாது.

பயன்படுத்துமுன் ஒவ்வொரு முறையும் பட்டையைச் சிறிது இழுத்து வெளிச்சத்தில் நோக்குக. மெல்லிய வெடிப்போ துளையோ தென்பட்டால் இரக்கமின்றி எறிந்துவிடுக. அறுந்த பட்டை சவுக்கெனத் திரும்பிக் கண்ணைத் தாக்கும். கண்ணுக்கு மாற்றுக் கண் கடையில் கிடைப்பதில்லை. முகத்தை நோக்கி இழுக்கும் பயிற்சிகளைப் பெரியவர்கள் அருகில் இல்லாதபோது பிள்ளைகள் செய்யலாகாது. ரப்பர்ப் பால் ஒவ்வாமையால் தோல் தடித்துச் சிவப்போர் ரப்பர்ப் பால் கலவாத பட்டையை நாடலாம்.

பாய் வழுக்காததாக இருந்தால் போதும். நிறமும் பூவேலையும் பார்க்க வேண்டா.

எடைகளுக்கு இரும்பு டம்பெல்தான் வேண்டும் என்பதில்லை. ஒன்றரை லிட்டர்ப் புட்டியில் நீர் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஆகும். மூடியை இறுக்கிப் பிடித்தல் வேண்டும். இரும்பை வாங்கியோர், நம் நாட்டு ஈரக்காற்றில் அது விரைவில் துருப்பிடிக்கும் என்பதை மறவாமல், வியர்வையை உடனே துடைத்துத் திங்களுக்கு ஒருமுறை எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து வைக்கலாம். கழற்றி மாட்டும் எடைகளாயின் திருகாணிகளைத் தூக்குமுன் இறுக்கிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணெய் படாதவாறு, ரப்பர்ப் பட்டையை வேறு பெட்டியிலேயே வைக்குக.